மூன்றாவது வாக்கியம்

துக்க வீட்டில் என்ன பேச வேண்டும் என்று எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். போதகர் பணிக்கு இப்போதுதான் வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானது. அதற்குரிய வேதப் பகுதிகளையும் ஜெப ஒழுங்கையும் இறையியல் கல்லூரியிலேயே கற்றிருப்பீர்கள். அவற்றோடு சேர்க்க என்னிடம் ஏதுமில்லை. நான் பட்டங்கள் பெற்றவன். துக்கத்தைப் பற்றியே நீண்ட ஆய்வுரை ஒன்றை எழுதித் தேர்ச்சி அடைந்தவன். ஆகவே பேசும் முறையைச் சொல்வதைவிட, பேசத் தெரிந்த ஒருவன் எங்கே தவறினான் என்று சொல்வதே உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது. இதில் எதுவும் இரகசியமன்று. நடந்ததை ஒரு சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த மூத்த போதகர், சாட்சி சொல்ல மக்களைப் பழக்கும் முறையைக் கற்றுத் தந்தார். ஆராதனை நடுவே ஒருவர் எழுந்து நின்று, ஆண்டவர் தமக்குச் செய்த நன்மையைச் சபைக்குச் சொல்வது நம் வழக்கம். எழுந்தவர்களுக்கு உட்காரத் தெரியாது என்பதும் நீங்கள் அறிந்ததே. அந்த மூத்தவர் சொன்னார்: "மூணு வாக்கியம் போதும் தம்பி. எப்படி இருந்தேன், ஆண்டவர் என்ன செஞ்சார், இப்ப எப்படி இருக்கேன். நாலாவது வாக்கியத்துல மனுஷன் பொய் சொல்ல ஆரம்பிச்சிடுவான்."

குடியை விட்டவருக்கும், நோயிலிருந்து எழுந்தவருக்கும், பிரிந்து போன தம்பியோடு மீண்டும் பேசத் தொடங்கியவருக்கும் அந்த அளவு கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. எந்தச் சபைக்குச் சென்றாலும் அதையே பழக்கினேன். என் சபைகளில் சாட்சி நேரம் சிறியதாகவும் ஒழுங்காகவும் இருக்கும். அதைப் பிறர் பாராட்டியபோது நான் அடக்கமாகத் தலையசைத்ததும் நினைவிருக்கிறது.

தொண்ணூறுகளில் நான் மலாக்காவில் இருந்தேன். ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு, மக்கள் நகரத்தின் ஓரங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம். மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பத்து பெரண்டாம் என்னும் புறநகருக்குக் குடிவந்த குடும்பம் மாணிக்கத்தினுடையது. அவர் லாரி ஓட்டுநர். மனைவி சரோஜா ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைத்தார். அவர்களுடைய ஒரே மகள் சாந்தி அதற்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். இந்துக் குடும்பம், வீட்டில் முருகன் படமும், வாசலில் செவ்வாய் வெள்ளி விளக்கும் உண்டு.

தொழிற்சாலைப் பெண்களுக்காக என் மனைவி வாரந்தோறும் ஒரு சிறு கூடுகையை நடத்தினாள். தேநீர், பாட்டு, கொஞ்சம் ஜெபம், மிச்சமெல்லாம் பேச்சு. சாந்தி அதற்கு வந்தவள். பாட்டுக்காக வந்தாளா, தேநீருக்காக வந்தாளா என்று நான் ஒரு முறை கேட்டதற்கு, "ஏங்க, அவ சிரிக்கிறதுக்கு வரா" என்றாள் என் மனைவி. இருபது வயதை எட்டிய சில மாதங்களில் மூளைக் காய்ச்சல் கண்டு அந்தப் பெண் இறந்துபோனாள். அவர்கள் முறைப்படியே அடக்கம் நடந்தது. நான் போய், ஓரமாக நின்று, திரும்பி வந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜா ஆலயத்துக்கு வந்தார். மாணிக்கம் அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்புற மரத்தடியிலேயே ஆராதனை முடியும்வரை காத்திருந்தார். உள்ளே வரவில்லை. சரோஜா கடைசி வரிசையில் அமர்ந்தார். என் மனைவி முன்வரிசையிலிருந்து எழுந்து சென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அதுவே அவளுக்கும் இடமாயிற்று.

அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. சாந்தியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. மாணிக்கத்தால் அதைக் கேட்கத் தாங்க முடியவில்லை. உறவினர்கள் வந்தாலும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். என் மனைவியோ, "சாந்தி பாடுவாளே, அந்த ரெண்டாவது சரணத்துல எப்பவும் சுருதி விட்டுடுவா" என்று தொடங்குவாள். சரோஜா அழுவார். பிறகு சிரிப்பார். பத்து பெரண்டாம் விமான நிலையத்தின் பயிற்சி விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் பறக்கும்போதெல்லாம் சாந்தி காதைப் பொத்திக்கொள்வாளாம். மகள் போன பின் அந்தச் சத்தத்துக்கே பயந்திருந்த சரோஜா, இதை என் மனைவியிடம் சொன்னதற்குப் பிறகு பயப்படுவதில்லை.

சில நாட்களில் என் மனைவி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளேபாங் சாலையோரக் கடைகளுக்குப் போவாள். தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஐஸும் சேர்ந்த செண்டோல் சாப்பிடுவதற்கு. ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் இனிப்புக் கடைக்கா போவார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நீங்க சொல்ல வேண்டியதை நீங்க சொல்லுங்க" என்றாள். "நான் சாப்பிட்டுட்டு வரேன்."

அந்த ஆண்டின் அறுப்பின் பண்டிகைக்கு மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வருவதாக இருந்தது. புதிதாக வந்தவர்களில் யாராவது சாட்சி சொன்னால் நன்றாயிருக்கும் என்றார் சபைச் செயலர். சரோஜாவின் பெயரை நானே முன்வைத்தேன். ஆலய வாசலில் அவரைக் கண்டு கேட்டபோது, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நான் என்னத்த சொல்றது ஐயா? எனக்குப் பேச வராதுலா."

"மூன்றே வாக்கியம், அம்மா. மகள் இறந்ததால் துக்கத்தில் இருந்தேன். ஆண்டவர் என்னைத் தேடி வந்தார். இப்போது என் துக்கம் நீங்கிற்று, சமாதானமாயிருக்கிறேன். அவ்வளவுதான்."

அவர் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "கடைசில உள்ளது எப்படி ஐயா?" என்று மறுபடி கேட்டார். நான் மறுபடி சொன்னேன். அவருக்கு நினைவில் நிற்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி அடுப்பைத் திருகி அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவங்க இன்னும் அழுதுக்கிட்டுதாங்க இருக்காங்க. வருஷமே திரும்பலை. இந்தத் தீபாவளிக்குப் பலகாரம்கூடச் சுடப் போறதில்லை. துக்கம் போயிடுச்சுன்னு எப்படிச் சொல்வாங்க?"

"விசுவாசத்தில் சொல்வது" என்றேன். "சொல்லச் சொல்ல அது உண்மையாகும்."

"இது உங்க புஸ்தகத்துல இருக்கா?"

 இருந்தது என்பதுதான் பதில்.

பண்டிகையன்று வளாகத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். தேங்காய்க் குலைகள், வாழைத்தார்கள், கேக்குகள், கால் கட்டிய இரண்டு கோழிகள் என்று காணிக்கைப் பொருள்கள் குவிந்திருந்தன. ஆராதனைக்குப் பின் அவற்றை ஏலம் விடுவதற்காக ஒலிபெருக்கியை வெளியே சாலையை நோக்கிக் கட்டியிருந்தோம். சாட்சி நேரம் வந்தது. சரோஜா எழுந்து முன்னால் வந்தார். புதுப் புடவையில்லை, வழக்கமாக உடுத்தும் பழுப்புப் புடவைதான்.

முதல் வாக்கியத்தைச் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த என் மனைவியைப் பார்த்தார்.  பெரியவர் மேடையில் கண்களை மூடியிருந்தார்.

இவ்விடத்தைக் கவனியுங்கள். எனக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. "நன்றி, அம்மா, உட்காருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமலும் இருந்திருக்கலாம். நான் ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து மென்மையாக வாங்கினேன். மென்மையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். எவருக்கும் அது வன்முறையாகத் தெரிந்திராது. "சகோதரியார் சொல்ல வருவது என்னவென்றால், அவருடைய துக்கம் நீங்கிற்று, இப்போது அவர் சமாதானமாயிருக்கிறார்" என்றேன். சபை "அல்லேலூயா" என்றது. சரோஜா தலையைக் குனிந்துகொண்டு தம் இடத்துக்குப் போனார்.

ஏலம் தொடங்கியபோது வாசலில் சத்தம் கேட்டது. மாணிக்கம் முதன்முறையாக வளாகத்துக்குள் காலெடுத்து வைத்திருந்தார். கேட்டைத் தாண்டி இரண்டடி மட்டும். கையில் தலைக்கவசம். அவர் பேசியது மனைவியிடம். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"போயிருச்சா? ஒனக்குத் துக்கம் போயிருச்சா? ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் கேட்டான். பெத்த புள்ள செத்து வருஷம் திரும்பலை, அதுக்குள்ள மைக்குல சொல்லச் சொல்லிட்டியா?"

"நான் சொல்லலங்க" என்றார் சரோஜா.

"அப்ப யாரு சொல்லி அவரு சொன்னாரு?"

அவர் என்னைக் கைகாட்டியிருக்கலாம், காட்டவில்லை. நான் பத்தடி தூரத்தில், ஒரு வாழைத்தாருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "நானாகச் சொன்னேன்" என்று முன்வந்திருக்கலாம். பெரியவர் பக்கத்தில் இருந்தார். நான் நகரவில்லை. என் மனைவிதான் ஓடினாள். அதற்குள் மோட்டார் கிளம்பிவிட்டது.

சரோஜா அதற்குப் பிறகு வரவில்லை. மாணிக்கம் தடுத்துவிட்டார் என்று அறிந்தோம். சபை இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்கிறேன்: கணவர் கடினமானவர் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்காக ஜெபிக்கவும் செய்தார்கள். அந்த ஜெபத்தை நடத்தியவன் நான்.

சரோஜா இழந்தது ஆலயத்தை மட்டுமன்று. தம் மகளின் பெயரைச் சொல்ல அவருக்கு உலகில் இருந்த ஒரே இடத்தை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை. என் மனைவிக்கு விளங்கியது. சரோஜா வேலை செய்த கேண்டீனின் பின்பக்கம், ஷிப்ட் மாறும் இடைவேளையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகே நின்று வாரந்தோறும் அவரோடு பேசிவிட்டு வருவாள். என்னையும் அழைத்தாள், கேண்டீனுக்கன்று, அவர்கள் வீட்டுக்கு.

"ஒரு தடவை போய், நானாத்தான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

"போகிறேன்" என்றேன். செயலரை அனுப்பினேன். அவர் ஒரு நாட்காட்டியும் பழக்கூடையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நல்லா பேசினாருய்யா" என்று வந்து சொன்னார்.

பின்பு என் மனைவி நோயுற்றாள். அதைப் பற்றி அதிகம் எழுத இயலாது. மருத்துவமனையில் அவளைப் பார்க்க சரோஜா வருவார். மாணிக்கம் கொண்டுவந்து விடுவார். இதற்கு அவர் தடை சொல்லவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் சரோஜா எழுந்து நிற்பார். நான் வெளியேறினால் மறுபடி பேச்சு தொடங்கும். ஒருநாள் என் மனைவி, "இன்னும் போகலையா?" என்று கேட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. நான் புரியாதவன்போல் போர்வையைச் சரிசெய்தேன். அவள் இறந்தபோதும் நான் போயிருக்கவில்லை.

நம் சபைகளில், அடக்கத்துக்குப் பின் வரும் ஞாயிறுகளில் ஒன்றில் குடும்பத்தார் நன்றி ஆராதனை ஏறெடுப்பதும், அவர்களில் ஒருவர் சாட்சி சொல்வதும் வழக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செயலர் என்னிடம் வந்து மிகுந்த மரியாதையோடு தயங்கினார்.

"ஐயா, நீங்க ஒரு சாட்சி சொன்னீங்கன்னா சபைக்கு ஆறுதலா இருக்கும். முடியலன்னா வேணாம்யா. ஆனா எல்லாரும் எதிர்பார்க்கிறாங்க."

நான் சம்மதித்தேன். அன்று ஆலயம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் சரோஜா இருந்தார். அவர் பக்கத்தில், முழுக்கைச் சட்டையில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவராக மாணிக்கம்.

சரோஜாவைப் போல நானும் மூன்றாவது வாக்கியத்தில் தடுமாறி நின்றேன் என்று நீங்கள் எதிர்பார்க்கக்கூடும். அப்படி நடந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு எளிதாயிருக்கும். நான் தடுமாறவில்லை. "என் துணைவியாரை இழந்து துக்கத்தில் இருந்தேன். ஆண்டவர் என்னருகே வந்தார். இப்போது என் துக்கம் நீங்கிற்று, சமாதானமாயிருக்கிறேன்" என்று குரல் நடுங்காமல் சொன்னேன். அன்று காலை சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாதவன்போல் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவன் நான். அடுக்களையில் அவளுடைய தேநீர்க் குவளையைக் கழுவவும் முடியாமல், எடுத்து வைக்கவும் முடியாமல், அதை ஒரு துணியால் மூடி வைத்திருந்தவன். படிப்பில்லாத ஒரு பெண்ணின் நாக்கு மறுத்த சொல்லை என் நாக்கு ஒழுங்காகச் சொல்லிற்று. சபை "ஆமென்" என்றது. சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தேன். "நல்ல சாட்சி ஐயா", "பெலனா இருந்துச்சு ஐயா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். வரிசையில் மாணிக்கம் வந்தார். என் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கள்."

"நெசமாவே ஒங்களுக்குத் துக்கம் போயிருச்சா?"

செயலர் என் தோளருகே நின்றிருந்தார். பின்னால் வரிசை காத்திருந்தது. இது பழி தீர்க்கும் கேள்வி என்று ஒரு கணம் நினைத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தபோது அப்படியில்லை என்று தெரிந்தது. அவர் உண்மையிலேயே அறிய விரும்பினார்.

"ஏன்னா" என்றார், குரலைத் தாழ்த்தி, "எனக்குப் போகமாட்டேங்குது பாஸ்டர். இப்பவும் லாரியில ஏறுனா சாந்தி டாட்டா காட்டுனதுதான் வருது. ஒங்களுக்குப் போயிருச்சுன்னா எப்படின்னு சொல்லுங்க. நான் செய்யறேன். கோயிலுக்கு வரணும்னாலும் வரேன். கெழமை தவறாம வரேன்லா."

உங்கள் பணிக்காலத்தில் இத்தகைய ஒரு கணம் உங்களுக்கும் வரும். எதிரே நிற்கும் மனிதர், நீங்கள் ஆம் என்றால் உங்கள் பின்னே வரத் தயாராயிருப்பார். ஓர் ஆத்துமாவை ஆதாயம் செய்தோம் என்று நாம் ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளும் வாய்ப்பு அது. அந்த வாய்ப்பு எனக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இல்லை" என்றேன். "எனக்கும் போகவில்லை. உள்ளே நான் சொன்னது பொய். அன்றைக்கு உங்கள் மனைவி சொன்னதாக நீங்கள் ஒலிபெருக்கியில் கேட்டதும் நானாகச் சொன்னதே. அவர் சொல்லவில்லை."

"ஐயா" என்றார் செயலர், மூச்சு விடாமல்.

மாணிக்கம் என்னையே பார்த்தார். "தெரியும்" என்றார். "ஒங்க வீட்டுக்காரம்மா வந்து சொல்லிட்டாங்க. அப்பவே. நீங்க வந்து சொல்லுவீங்கன்னும் சொன்னாங்க. அதுவரைக்கும் இவளை இங்க அனுப்ப மாட்டேன்னேன்." கையை விட்டார். பிறகு சரோஜாவைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, இவரு சாப்பிட்ட மாதிரி தெரியலை" என்றார்.

அவர்கள் இருவரும் மோட்டாரில் முன்னே செல்ல, நான் காரில் பின்தொடர்ந்தேன். கிளேபாங்குக்குப் போனோம். கடலோரச் சாலையில், தகரக் கூரைக்குக் கீழே நான்கு மேசைகள் போட்ட ஒரு கடை. சரோஜா நின்றபடியே மலாயில் நான்கு கிண்ணம் செண்டோல் கேட்டார். ஒன்றில் கச்சாங் என்ற சிவப்புப் பயறு போட வேண்டாம், அதற்குப் பதிலாக இன்னொன்றில் அதையும் சேர்த்துப் போட்டுவிடும்படி சொன்னார். நாங்கள் மூவர்தான் இருந்தோம்.

"சாந்திக்குக் கச்சாங் புடிக்காது ஐயா" என்றார். "நாங்க வந்தா அவளுக்கும் ஒரு கிண்ணம் வாங்குவோம். பாஸ்டரம்மா அவ பங்கையும் வாங்கிப்பாங்க. ரெண்டு பங்கு கச்சாங். சீனி வேணாம்பாங்க, ஆனா கச்சாங் ரெண்டு பங்கு."

நான் அவளோடு நெடுங்காலம் வாழ்ந்தவன். அவள் செண்டோலை எப்படிச் சாப்பிடுவாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் அழைத்தபோதெல்லாம் எனக்குப் பிரசங்கம் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. இரட்டைக் கச்சாங் கிண்ணத்தை சரோஜா என் முன்னால் நகர்த்தினார். சாப்பிட்டேன். கச்சாங் இல்லாத கிண்ணம் மேசை நடுவே இருந்தது. ஐஸ் உருகும்வரை ஒருவரும் அதைத் தொடவில்லை. பின்பு மாணிக்கம் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"ஒரு ஜெபம் சொல்லுங்க பாஸ்டர்" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "அவ பேரைச் சொல்லி. நான் கேட்டுக்கிறேன்."

பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்தார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் கண்களை மூடி, "ஆண்டவரே, இவர்களுடைய மகள் சாந்தி இறந்துவிட்டாள். இவர்கள் அழுகிறார்கள். என் துணைவியும் இறந்துவிட்டாள். நானும் அழுகிறேன். எங்களோடு இரும்" என்றேன். அதற்குமேல் சொல்ல வேண்டியதாக எதுவும் தோன்றவில்லை. துக்கம் நீங்கவில்லை. ஆனால் அடக்கத்துக்குப் பின் முதன்முறையாக, நான் பேசியதை யாரோ கேட்டார் என்ற நிச்சயம் எனக்கு இருந்தது. ஆறுதல் என்று நான் இத்தனை ஆண்டுகள் பிறருக்குச் சொல்லி வந்தது இதுவாகவே இருக்க வேண்டும் என்று எண்ணினேன். நான் சென்று சேர்வதற்கு வெகுமுன்பே இரண்டு பெண்கள் அந்த மேசைக்கு வந்து அதைக் கண்டுகொண்டிருந்தார்கள்.

எழும்போது சரோஜா மெல்லச் சொன்னார்: "எம் மக பேரைச் சொன்னீங்க. அம்மா பேரைச் சொல்லலையே ஐயா."

உண்மைதான். மேடையில் துணைவியார் என்றேன். ஜெபத்தில் துணைவி என்றேன். சபைக்கு அவள் பாஸ்டரம்மா. வீட்டில் நான் "ஏம்மா" என்று அழைப்பேன். அந்தப் பெயரைச் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாணிக்கம் தம் வீட்டில் மகளின் பெயரை ஏன் தடுத்தார் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. "அடுத்த முறை" என்றேன்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு முன், சென்ற வாரச் சாட்சியில் ஒரு வாக்கியம் உண்மையன்று என்றும், அறுப்பின் பண்டிகையில் சகோதரி சரோஜாவின் பெயரால் நான் சொன்னதும் உண்மையன்று என்றும் சபையில் அறிவித்தேன். அதையும் நான் அழகாகவே சொன்னேன். ஏற்ற இறக்கத்தோடு, சரியான இடத்தில் நிறுத்தி. இன்றும் அதை எண்ணினால் எனக்குக் கூசுகிறது. செயலர் அவசரமாகப் பாட்டு எண்ணை அறிவித்தார். பிறகு தனியே, "ஐயா, பாஸ்டரே இப்படிச் சொன்னா எங்க விசுவாசம் என்னாகிறது?" என்று கேட்டார். அவர் நல்லவர். நான் பழக்கியபடி இருந்தவர். 

சரோஜா மறுபடி வரத் தொடங்கினார். மாணிக்கம் மரத்தடியில் காத்திருந்தார். மழை பெய்தால் மட்டும் உள்ளே வந்து கடைசி வரிசையின் ஓரத்தில் உட்காருவார். அவர் நம் மார்க்கத்துக்கு வந்தாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. நான் அதன் பிறகு அவரிடம் அதைக் கேட்கவுமில்லை. கிளேபாங் போகும்போது ஜெபம் மட்டும் கேட்பார்.

அடுத்த ஆண்டு, பண்டிகையும் விருந்தினரும் இல்லாத ஒரு சாதாரண ஞாயிறு. சாட்சி நேரத்தில் எழ எவரும் இல்லாததால் நான் அடுத்த பகுதிக்குப் போக இருந்தேன். கடைசி வரிசையில் சரோஜா எழுந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. முன்னால் வரச் சொல்லிக் கைகாட்டினேன். "இங்கனயே நிக்கிறேன் ஐயா" என்றார்.

"எம் மக பேரு சாந்தி. செத்துப் போச்சு. வீட்டுல அவ பேரைச் சொல்ல முடியாம இருந்துச்சு. இங்க வந்து ஆண்டவருகிட்ட சொல்றேன். அவரு கேக்குறாரு. அழுக நிக்கலை. ஆனா அவரு கேக்குறாரு. அதான் வரேன்." மூச்சு வாங்கினார். "மொதமொத இங்க அவ பேரைச் சொல்லி எங்கிட்ட கேட்டது பாஸ்டரம்மா. அவங்க பேரு ஜெயமணி. அதையும் சொல்லணும்னுதான் எந்திரிச்சேன்."

உட்கார்ந்துவிட்டார்.

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. சபை என்னைப் பார்த்தது. இத்தகைய சாட்சிக்குப் பின் போதகர் ஏதேனும் சொல்லிச் சேர்த்து முடிப்பதை அவர்கள் பழகியிருந்தார்கள். அவர்களைப் பழக்கியவன் நான். வாக்கியங்கள் வந்தன. நல்ல வாக்கியங்கள். ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தேன்.

"ஜெயமணி" என்றேன், அது இல்லாமலே.

நான் அஞ்சியது நடந்தது. அவர்கள் அனைவர் முன்னிலையிலும் நின்று அழுதேன். யாரும் என் வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை.